ஒரு கூடம், ஒரு சின்ன அறை, ஒரு மொட்டைமாடி: அல்சூர்க் கலைமையம் ஒன்றின் ஆகஸ்ட்–அக்டோபர் 2026 நிரல்

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன் பக்கம் தமிழ்க் குடும்பங்களை நம்பி நடக்கும் சிறு கலைமையங்கள் பலவற்றுக்கும் இட அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வாடகை வீட்டின் முதல் மாடி, முப்பதுக்கு இருபது அடியில் ஒரு கூடம், ஒட்டினாற்போல் பன்னிரண்டுக்குப் பத்தில் ஒரு சின்ன அறை, மேலே மொட்டைமாடி, மூன்றடி அகலப் படிக்கட்டு. கீழே வீட்டுக்காரர் குடியிருப்பார். இந்த ஆய்வு அப்படி ஒரு மாதிரி மையத்தை வைத்துக்கொண்டு, மூன்று மாத வகுப்புகளையும் நிகழ்ச்சிகளையும் முதலில் வழக்கம்போலப் போட்டுப் பார்க்கிறது. அது எங்கெங்கே முட்டுகிறது என்று கண்டு, பிறகு மாற்றி அமைக்கிறது. வகுப்புகள் ஆறு: வாய்ப்பாட்டு, பரதம், மிருதங்கம், பறை, கோலம், தமிழ் வாசிப்பு. சிறப்பு நிகழ்வுகள் நான்கு: களிமண் பிள்ளையார் பட்டறை, கொலு பொம்மைப் பட்டறை, ஒரு தெருக்கூத்து மாலை, விஜயதசமி சேர்க்கை.

நிரல் போட உட்காரும்போது எல்லாரும் முதலில் கேட்பது "மாஸ்டர் எப்போது வருவார்?" என்பதை. அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. எது எதன் ஓசையைக் கெடுக்கிறது, எது தரையை அடுத்தவருக்கு உதவாமல் செய்கிறது, எது காய எத்தனை நாள் ஆகிறது என்பவை முதலில் முடிவாக வேண்டும். சிறு மையத்தில் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதற்கு ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அடுத்த அறைத் தாளத்தில் பாடம் காதில் விழாத பிள்ளையும், கோலப்பொடியில் வழுக்கி விழுந்த பிள்ளையும் அடுத்த வாரம் வருவதில்லை. இவை இரண்டும் நிரலில் உள்ள கோளாறுகள்.

முதல் வரைவு

ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை பதினான்கு சனிக்கிழமைகள் உண்டு. முதல் வரைவு பதினான்கையும் எண்ணி மாதக் கட்டணம் வைக்கிறது. சனிக்கிழமை காலை 9-க்குக் கூடத்தில் கோலம், 10-க்கு அதே கூடத்தில் பரதம், அதே நேரம் சின்ன அறையில் தமிழ் வாசிப்பு. 11.30-க்குச் சின்ன அறையில் மிருதங்கம். மாலை 4-க்கு மொட்டைமாடியில் பறை, கீழே கூடத்தில் வாய்ப்பாட்டு. பிள்ளையார் பட்டறை செப்டம்பர் 12. கொலு பொம்மைப் பட்டறை அக்டோபர் 3. கூத்து செப்டம்பர் 19 இரவு.

தாளில் பார்த்தால் எந்த அறையும் சும்மா கிடக்கவில்லை. நடைமுறையில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் முட்டுகிறது.

கோலத்திலிருந்து தொடங்கலாம். கடையில் கிடைக்கும் கோலமாவு பெரும்பாலும் கல்லை அரைத்த பொடி. பெருக்கினாலும் ஒரு மெல்லிய படலம் நின்றுவிடும். காவித் தரையிலோ டைல்ஸ் தரையிலோ அந்தப் படலத்தின் மேல் வெறுங்காலோடு அரைமண்டியில் (முழங்காலை மடக்கி) நின்று தட்டடவு போட்டால் குதிகால் முன்னே நழுவும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் பொடி குழைந்து இன்னும் மோசமாகும். முதலில் உலர்ந்த துடைப்பம், பிறகு இரண்டு முறை சுத்தத் தண்ணீர், பிறகு முழுக்க உலர இருபது நிமிடம் வேண்டும். இரண்டு வகுப்புக்கும் இடைவெளியே இல்லாத நிரலில் அதற்கு நேரம் ஏது? ஆகவே பரதம் முன்னே, கோலம் பின்னே. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு எதுவும் செலவில்லை.

பரதமும் தமிழ் வாசிப்பும் அடுத்தடுத்த அறையில் இருப்பது அடுத்த கோளாறு. தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையும் பன்னிரண்டு பிள்ளைகளின் காலடியும் கதவு வழியாக வருவதைவிடத் தரை வழியாகவும், கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் வழியாகவும்தான் அதிகம் வரும். கதவைச் சாத்தினால் போதும் என்று நினைப்பது பலிக்காது. அதிலும் இந்த வாசிப்பு வகுப்புக்கு வருவது வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதும் பிள்ளைகள். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரித்துக் கேட்டால்தான் அவர்களுக்குக் கையால் எழுதவரும். அவர்களுக்குத்தான் மையத்திலேயே மிக அமைதியான மணிநேரம் வேண்டும்.

பறையும் வாய்ப்பாட்டும் ஒரே நேரத்தில் மேலும் கீழும் இருக்கவே கூடாது. கான்கிரீட் தளம் பறையின் அதிர்வை அப்படியே கீழே இறக்கும். சுருதி பிடிக்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே பாட முடியாது. பறையையும் மிருதங்கத்தையும் சேர்த்து வைத்தாலும் பயனில்லை. இரண்டு பக்கமும் காலப்பிரமாணம் (தாள வேகம்) ஓடிப்போகும்.

நாள்காட்டி தின்னும் வாரங்கள்

ஆகஸ்ட் நடுவரை ஆடி. புது வகுப்பில் சேர்க்கப் பல குடும்பங்கள் தயங்கும். அதே ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாக்களுக்குப் பறைக் கலைஞர்கள் வார இறுதி முழுக்க வெளியே இருப்பார்கள். மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்ற மூன்று வாரத்துக்குக் கட்டணம் வாங்கிவிட்டுப் பிறகு ஈடுசெய்யத் திண்டாடுவதைவிட, பருவத்தை ஆகஸ்ட் 22-ல் தொடங்குவது நேர்மையானது.

அதற்குப் பின்னும் எல்லா வாரமும் கைக்கு வராது. விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14, திங்கள். எனவே 12, 13 போயிற்று. அக்டோபர் 2 வெள்ளி, காந்தி ஜெயந்தி. 3, 4 தேதிகளில் ஊரில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஆயுத பூஜை அக்டோபர் 19, விஜயதசமி 20. அதை ஒட்டிய 17, 18-ல் வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, சேலம் என்று சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். தசரா விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். கழித்துப் பார்த்தால் விஜயதசமிக்கு முன் கிடைக்கும் சனிக்கிழமைகள் ஆகஸ்ட் 22, 29, செப்டம்பர் 5, 19, 26, அக்டோபர் 10. மொத்தம் ஆறு. ஞாயிறும் ஆறு: ஆகஸ்ட் 23, 30, செப்டம்பர் 6, 20, 27, அக்டோபர் 11.

மாதக் கட்டணத்தை விட்டுவிட்டு ஆறு வகுப்புத் தொகுதியாக விற்பது இதனால்தான் நல்லது. பெற்றோர் ஆறுக்குக் கட்டினார்கள், ஆறு நடந்தது. கணக்கு அங்கே தீர்ந்தது. ஆசிரியருக்கும் தலைக்கணக்கில் கொடுக்காமல், வகுப்புக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகையை உறுதி சொல்லிவிட வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் கூடுதல் பங்கு. மழை நாளில் நாலு பிள்ளை வந்ததற்காக ஆசிரியர் சம்பளம் குறைவது நியாயமில்லை. அப்படிக் குறைத்த மையங்களில் ஆசிரியர் தங்குவதும் இல்லை.

மாற்றிய வார நிரல்

சனி காலை 8 முதல் 9 வரை வாய்ப்பாட்டு, கூடத்தில். தெருவில் வண்டி ஓசை அப்போதுதான் குறைவு. 9.15 முதல் 10.30 வரை பரதம், அதே கூடம். அந்த நேரம் சின்ன அறை உடை மாற்ற மட்டும். 10.45 முதல் 11.45 வரை கூடத்தில் கோலம், சின்ன அறையில் மிருதங்கம். கோலம் போடும் கைக்கு மிருதங்க ஓசை இடைஞ்சல் இல்லை. புள்ளி எண்ணும் முதல் பத்து நிமிடம் மட்டும் ஆசிரியர் சத்தமாகச் சொல்லவேண்டியிருக்கும். மாலை 4 முதல் 5 வரை சின்ன அறையில் தமிழ் வாசிப்பு. அதே நேரம் கூடத்தில் களிமண், காகிதக்கூழ் போன்ற ஓசையற்ற கைவேலை. அண்ணன் ஒன்றிலும் தங்கை மற்றொன்றிலும் இருந்தால் அம்மா ஒரே நடையில் கொண்டுவந்து விட்டு, ஒரே நடையில் கூட்டிப்போகலாம். பெற்றோர் சேர்க்கையை முடிவு செய்வதில் இந்த ஒற்றை நடைக்கு உள்ள எடை பாடத்திட்டத்துக்குக்கூடக் கிடையாது.

பறை ஞாயிறு 11.30 முதல் 12.30 வரை, மொட்டைமாடியில். இந்த வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. காலைப் பூசையும் ஞாயிறு மறைக்கல்வியும் முடிந்து பிள்ளைகள் வர 11 ஆகிவிடும். மழையும் ஒரு காரணம். பெங்களூருக்குச் செப்டம்பர்தான் பெரிய மழை மாதம், சராசரி 200 மி.மீ-ஐ ஒட்டி வரும். அதில் பெரும்பகுதி பிற்பகலுக்கு மேல் இடியோடு கொட்டுவது. மாலை 4 மணி மொட்டைமாடியை நம்பி எதையும் அறிவிக்கக்கூடாது. மூன்றாவது காரணம் தோல். பறைத்தோல் ஈரக்காற்றில் தளர்ந்து சத்தம் மந்தமாகும், அதனால்தான் அடிக்குமுன் காய்ச்சுகிறோம். வீட்டு மாடியில் வைக்கோலோ காகிதமோ கொளுத்தினால் புகை அக்கம்பக்கத்துக்குப் போகும், புகார் வரும். 11 மணி வெயிலில் பறையின் முகத்தை இருபது நிமிடம் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். மூடிய வானமாக இருந்தால் காய்ச்சினாலும் அரைமணியில் மறுபடி இறங்கிவிடும். அந்த நாளுக்கென்று திருகாணி வைத்த ஃபைபர் பறை நான்கு இருப்பு வேண்டும். ஓசை ஒப்பாது, ஆனால் அடவு பழகப் போதும். முதல் இரண்டு வகுப்புக்குப் பறையே வேண்டியதில்லை. பறையடிக்கும் இரண்டு குச்சிகளான அடிக்குச்சி, சிண்டுக்குச்சி பிடிக்கும் முறையை ரப்பர் தட்டில் பழக்கலாம்.

ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. நான்கைந்து பறை சேர்ந்தால் 55-க்குள் அடக்க எந்த மொட்டைமாடிச் சுவராலும் ஆகாது. சட்டத்தைக் காட்டி வாதாடுவதைவிட, வகுப்பு தொடங்கும் முன் கீழ்வீட்டுக்கும் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நேரில் போய், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியை எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். "ஐயா, பன்னிரண்டரைக்கு மேல் ஒரு அடிகூட விழாது" என்று சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். தேர்வு எழுதும் பிள்ளை, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் எந்த வீட்டில் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பரதத்துக்குத் தரை வேண்டும். சிமெண்டுத் தரையில் தினம் தட்டினால் முழங்காலும் கணைக்காலும் வலியெடுக்கும், கீழ்வீட்டுக்கு இடி விழுவதுபோல் கேட்கும். பத்து மி.மீ ரப்பர் ஷீட் விரித்து, மேலே பன்னிரண்டு மி.மீ பிளைவுட். எட்டுக்கு நாலு அடிப் பலகை பன்னிரண்டு வாங்கினால் இருபத்துநாலுக்குப் பதினாறு அடி கிடைக்கும். பலகை இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி அடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் விளிம்பு எழும்பிக் காலைக் கிழிக்கும். இந்த அளவில் நாலு வரிசை, வரிசைக்கு மூவர், ஆகப் பன்னிரண்டு பேர்தான். பதினாறு பேரைச் சேர்த்தால் கை நீட்டும்போது அடுத்தவர் முகத்தில் படும். பதின்மூன்றாவது பெயர் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகட்டும். கோல வகுப்புக்குப் பலகையைத் தூக்குவது நடவாது. பலகை படாத ஓரத்து ஆறடிப் பட்டையிலும், வெயில் இருந்தால் மாடியிலும் கோலம்.

மிருதங்கம் நாலு போதும். அவற்றைச் சின்ன அறையின் வெளிச்சுவரை ஒட்டி வைக்கக்கூடாது, மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் குடித்திருக்கும். வகுப்பு முடிந்ததும் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ஒட்டிய ரவைப் பசையைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்த பிறகே உறை போடவேண்டும். மறந்தால் எறும்பு வரும், தோல் அழுகும். வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சுருதி இறங்கியிருந்தால் பிள்ளைகளைக் கல்லும் கட்டையும் எடுக்க விடாமல் ஆசிரியரே சேர்க்கட்டும். நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் ஒரு தப்பான அடி போதும், செலவு வைத்துவிடும்.

களிமண்ணும் காகிதக்கூழும்

பிள்ளையார் பட்டறையை 12-ஆம் தேதி வைப்பவர்கள் காய்வதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆறு அங்குல உருவம் நிழலில் காய இந்தப் பருவத்தில் ஒரு வாரம் ஆகும். எனவே செப்டம்பர் 5, சனி மாலை 4 முதல் 6 வரை. பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றரைக் கிலோ, சிதறலுக்கு நாலு கிலோ, ஆக இருபத்திரண்டு கிலோ களிமண். பாட்டரி டவுன் குயவர்களிடம் மிதித்துப் பதமாக்கிய மண்ணாகவே கேட்டு வாங்குவது நல்லது. பொட்டலப் பொடியைக் கரைத்தால் அன்றே பதம் வராது.

விரிசலுக்கு முக்கியக் காரணம் தடிமன் சமமாக இல்லாமை. வயிறு கெட்டியாக இருந்தால் வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், தோல் பிளக்கும். உருவம் முடிந்ததும் அடியிலிருந்து கரண்டியால் குடைந்து, சுவர் ஒன்றரை செ.மீ அளவில் நிற்கும்படி எடுத்துவிடவேண்டும். காதும் துதிக்கையும் மெல்லியவை, முந்திக் காய்ந்து ஒட்டிய இடத்தில் விட்டுவிடும். ஒட்டுமுன் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண் குழம்பு தடவி அழுத்தவேண்டும். முதல் நாள் அந்தப் பகுதிகளை மட்டும் ஈரத்துணியால் மூடலாம். பலகையில் மணல் தூவி அதன்மேல் உருவத்தை வைத்தால் அடிப்பகுதி ஒட்டிக்கொள்ளாமல் தாராளமாகச் சுருங்கும். மின்விசிறிக் காற்று நேரே படக்கூடாது. கை கழுவ இரண்டு வாளி: முதலாவதில் கழுவல், இரண்டாவதில் அலசல். மறுநாள் மேல்தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணை எடுத்து வைக்கலாம். வாஷ்பேசினில் கழுவ விட்டால் கீழ்வீட்டுக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கொலு பொம்மைக்கு இன்னும் நீண்ட நாள் வேண்டும். நவராத்திரி அக்டோபர் 11-ல் தொடங்குகிறது. படி கட்டுவது 10-ஆம் தேதி அமாவாசையன்று. அக்டோபர் 3-ல் பட்டறை வைத்தால் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போவது ஈரப் பொம்மையாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து எண்ணவேண்டும். ஆகஸ்ட் 29-ல் அச்சில் அழுத்துவது, செப்டம்பர் 20 ஞாயிறு இரண்டு பாதியை ஒட்டித் தேய்த்து வெள்ளை பூசுவது, 27 ஞாயிறு வண்ணம். அச்சில் அழுத்துவதற்கும் ஒட்டுவதற்கும் இடையே மூன்று வாரம் காயவேண்டும்.

செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்த கூழ். அதில் சாக்பீஸ் தூளும் வெள்ளைப் பசையும் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைவது. அச்சில் ஐந்து மி.மீ-க்கு மேல் அப்பக்கூடாது. மைதாப் பசை மலிவுதான், ஆனால் செப்டம்பர் ஈரத்தில் சில நாளிலேயே பூஞ்சை பூக்கும். அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பது பழைய பழக்கம். அது நஞ்சு. பிள்ளைகள் கையால் பிசையும் கூழில் சேர்க்கவே கூடாது. காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது ஏமாற்றும். சமையலறைத் தராசில் இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்துப் பார்க்கவேண்டும். எடை மாறாவிட்டால்தான் காய்ந்தது. ஈரத்தின் மேல் வெள்ளை பூசினால் வண்ணம் செதில் செதிலாக உரியும்.

கூத்து மாலை

செப்டம்பர் 19-ஐ விட்டதற்குக் காரணம் அல்சூர் ஏரி. பிள்ளையார் கரைப்பு சதுர்த்தியன்றோடு முடிவதில்லை. அடுத்த வார இறுதியிலும் ஊர்வலங்கள் ஏரிப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். வண்டி நகராது, ஒலிபெருக்கிக்கு முன்னால் கூத்தின் சிறு ஊதுகருவியான முகவீணை எடுபடாது. செப்டம்பர் 27-ல் மகாளய பட்சம் தொடங்குகிறது, அதில் விழா வைக்கப் பலர் விரும்பமாட்டார்கள். ஆக 26 சனி, பௌர்ணமியன்று மாலை 6.30 முதல் 9 வரை. கூத்துக்காரர்களுக்குப் பாரதக் கூத்துப் பருவம் ஆடியோடு பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்துக் குழுக்களுக்கு இந்த மாதத்தில் தேதி கிடைக்கும்.

விடிய விடிய ஆடும் கதையை இரண்டரை மணிக்குச் சுருக்கச் சொல்வதில்தான் தவறு நடக்கிறது. ஒவ்வொரு வேஷத்துக்கும் திரைக்குப் பின்னிருந்து பாடும் திரைவிருத்தமும் திரை விலகலும், கதை நடத்தும் கோமாளியான கட்டியங்காரனின் கேள்வி-பதிலுமாக அரைமணி போய்விடும். எட்டு வேஷம் என்றால் அறிமுகத்திலேயே நேரம் முடிந்தது. குழுவை நடத்தும் வாத்தியாரிடம் பேசும்போது நேரத்தை மட்டும் சொல்லாமல், நாலு வேஷத்துக்கு மேல் இல்லாத கதைப்பகுதியாகக் கேட்கவேண்டும். கதையை அவர் தேர்ந்தெடுக்கட்டும். வேகத்தைக் கூட்டச் சொல்லக்கூடாது, அது ஆட்டத்தையே கெடுக்கும்.

அரிதாரம் பூசவும், மர அணிகளான கட்டைகள், கிரீடம் கட்டவும் மூன்று மணிநேரம். எனவே சின்ன அறை பிற்பகல் 3 முதல் அவர்களுக்கு. அன்றைய தமிழ் வாசிப்பு வகுப்பை ரத்துசெய்ய வேண்டாம். பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து, கிரீடம், புஜக்கட்டை, சலங்கை, முகவீணை என்று பெயர்ச்சீட்டு எழுதச் செய்யலாம். பிறகு அவற்றைப் பொருளின் அருகே வைப்பது அவர்கள் வேலை. வேஷம் போட்டுக்கொண்டிருப்பவரிடம் கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்று முதலில் சொல்லிவிடவேண்டும்.

ஆடுகளத்துக்குக் கூடத்தில் இருபதுக்குப் பன்னிரண்டு அடி. மீதி இடத்தில் பாயில் அறுபது பேர் உட்காரலாம், ஆனால் மூன்றடிப் படிக்கட்டு ஒன்றே வழி என்பதால் ஐம்பது சீட்டோடு நிறுத்தவேண்டும். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு நாலு என்றால் பதினேழு ஆம்பியர், வீட்டு இணைப்பில் ஃபியூஸ் போகும். எல்.இ.டி பார் (PAR) மேடை விளக்கு ஆறு வாடகைக்கு எடுத்தால் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். குழுவுக்குச் சாப்பாடு வேஷம் போடுமுன் ஒரு வேளை, கலைத்த பின் ஒரு வேளை. கலைக்கத் தேங்காயெண்ணெய் அரை லிட்டர், பழைய பருத்தித்துணி, இரண்டு வாளி வெந்நீர். பேசிய தொகையை அன்றிரவே வாத்தியார் கையில் கொடுத்துவிடவேண்டும், வண்டி வாடகையைத் தனியாக.

அறிவிப்பு

நகரில் ஃபிளெக்ஸ் பதாகைக்குத் தடை உண்டு. மையத்தின் கதவில் துணிப் பதாகை, கைத்தாள், வாட்ஸ்ஆப் படம் போதும். கதவில் மாட்டுவதில் கன்னடம் மேலே இருக்கட்டும், பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் என்பது 2024 முதல் சட்டம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தைகள் கோலத்துக்கும் களிமண்ணுக்கும் வர அதுவே வழியும் ஆகும். ஒவ்வொரு அறிவிப்பிலும் முடியும் நேரம், வயது, என்ன கொண்டுவருவது, எத்தனை இடம், மழை வந்தால் எங்கே நடக்கும் ஆகிய ஐந்தும் இருக்கவேண்டும். பெற்றோர் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் முடியும் நேரத்தைத்தான். கைத்தாளில் விட்டுப்போவதும் அதுவே.

விஜயதசமி, அக்டோபர் 20, செவ்வாய். காலை 8 முதல் 12 வரை இருபது நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நாலு பிள்ளை. நெல் தட்டில் அகரம், முதல் ஸ்வரம், முதல் தட்டடவு, மிருதங்கத்தில் த தி தொம் நம், எதில் சேருகிறார்களோ அது. எல்லாரையும் 9 மணிக்கு வரச்சொன்னால் படிக்கட்டிலேயே ஐந்து வயதுப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடும். அன்று சேர்ந்தவர்களில் பலர் திரும்பி வராமல் போவது அடுத்த இடைவெளியால்: தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு, முந்தைய சனியும் போயிற்று. தீபாவளிக்குப் பின் பார்க்கலாம் என்று நவம்பர் 14-க்குத் தள்ளினால் நடுவில் மூன்றரை வாரம். ஊரில் இருப்பவர்களுக்காக அக்டோபர் 24, 31 இரண்டு நாளும் அரைமணி வகுப்பாவது நடத்தி, ஊருக்குப் போனவர்களுக்கு அதே பாடத்தை நவம்பர் 14-ல் மறுபடி தொடங்கவேண்டும். சேர்க்கைச் சீட்டிலேயே இந்த மூன்று தேதியையும் கையால் எழுதிக் கொடுத்துவிடலாம்.